சனிக்கிழமை மூடியைத் திறந்ததும்: சோலண்ட் சட்டிக் கோளாறுகள்

டெல் அவிவை ஒட்டிய பினே பிராக்கில், வயதான ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். ஆசாரமான யூதக் குடும்பம். வந்த புதிதில் பாட்டியின் மாத்திரை டப்பாவைவிட என்னைப் பயமுறுத்தியது வெள்ளிக்கிழமை சட்டிதான்.

வெள்ளி மாலை சூரியன் சாய்வதிலிருந்து சனி இருட்டும் வரை ஷபாத், யூதர்களின் ஓய்வு நாள். அதற்குள் தீ மூட்டக் கூடாது, கூட்டவோ குறைக்கவோ கூடாது, சமைக்கவும் கூடாது. ஆனால் சனி மதியச் சாப்பாடு சூடாக இருக்க வேண்டும். அதனால் பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி எல்லாவற்றையும் வெள்ளி பகலிலேயே ஒரே சட்டியில் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க மெல்லிய சூட்டில் விட்டுவிடுவார்கள். அதுதான் சோலண்ட். பாட்டியின் குடும்பம் ஹங்கேரியிலிருந்து வந்தது, அவர் வாயில் அது ஷோலெட். ஈராக், மொராக்கோ பக்கத்திலிருந்து வந்த வீடுகளில் இதே வகைச் சமையலுக்கு ஹமின் என்று பெயர். எபிரேயத்தில் ஹம் என்றால் சூடு.

ஆறு வருடமாக வாரம் ஒரு சட்டி. கெடுத்த சட்டிகளும் உண்டு. இங்கே இலங்கையிலிருந்து வந்து இதே வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர், நம் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் போனில் கேட்பது திரும்பத் திரும்ப அதே கேள்விகள். அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் வைக்கும் அளவு இது, ஐந்து லிட்டர் சட்டிக்கு: வெள்ளை பீன்ஸும் ராஜ்மாவும் சேர்த்து 300 கிராம், பார்லி 150 கிராம், எலும்பில்லாத மாட்டிறைச்சி ஒரு கிலோ, நல்லி எலும்பு மூன்று, உருளைக்கிழங்கு ஆறு, பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு ஆறேழு பல், பாப்ரிகா தூள் ஒரு மேசைக்கரண்டி, மிளகு, உப்பு. தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு விரல் உயரம். கீழே அளவு என்று சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

முதலில்: இன்று வெள்ளியா, சனியா?

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். மெழுகுவத்தி ஏற்றித்தான் ஷபாத்தைத் தொடங்குவார்கள். அந்த நேரத்துக்கு முன்னால் என்றால் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. அதற்கு அப்புறம் என்றால் பரிமாறுவதா, தூக்கிப் போடுவதா என்ற இரண்டுதான் மிச்சம். குளிர்காலத்தில் இங்கே நாலேகால், நாலரைக்கே மெழுகுவத்தி ஏற்றிவிடுவார்கள். கோடையில் ஏழரை ஆகும். அதாவது டிசம்பர் சட்டி ஜூலை சட்டியைவிட மூன்று மணி நேரம் கூடுதலாகச் சூட்டில் கிடக்கும். தண்ணீர் அளவு வருடம் முழுக்க ஒன்றாக இருக்க முடியாது.

"நான்தான் யூதர் இல்லையே, சனிக்கிழமை நான் போய் அடுப்புத் திருகைத் திருப்பிவிட்டால் என்ன?" என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அவர்களுக்காக நான் சூட்டைக் கூட்டினால் அந்தச் சாப்பாடு அவர்களுக்கு ஆகாது. நல்லது செய்யப்போய் சட்டி முழுவதும் வீணாகும். நோயாளிக்கு என்றால் சட்டம் வேறு. அதை முடிவு செய்வது ரப்பி (யூத மதகுரு), நாம் இல்லை.

இன்னொன்று. யூதர் அல்லாதவர் மட்டுமே சமைத்ததை இவர்கள் சாப்பிட மாட்டார்கள். அதனால் வெள்ளியன்றுகூட அடுப்பைப் பற்றவைப்பது எப்போதும் பாட்டிதான். நறுக்குவது, வதக்குவது, தூக்கி வைப்பது எல்லாம் நான். தீ அவர் கையால். இந்த வீட்டு வழக்கத்துக்கு அது போதும். சில வீடுகளில் சட்டியையும் அவர்களே அடுப்பில் ஏற்ற வேண்டும், முதல் வாரமே கேட்டுவிடுங்கள். நடுவில் தீ அணைந்துவிட்டாலும் லைட்டரை எடுக்காமல் அவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: பீன்ஸ் வேகவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். பதினெட்டு மணி நேரம் சூட்டில் கிடந்தும் பீன்ஸ் பல்லில் நறுக்கென்று கடிபடும். பக்கத்திலேயே இறைச்சி குழைந்து கிடக்கும். பார்த்தால் எரிச்சலாக வரும்.

செலவில்லாத காரணத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஊறவைத்தீர்களா? வியாழன் இரவே ஊறப்போட வேண்டும். வெள்ளி காலையில் ஒரு பீன்ஸை நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் வெளிறிய, உலர்ந்த புள்ளி தெரிந்தால் இன்னும் ஊறவில்லை. வெந்நீர் ஊற்றி இரண்டு மணி நேரம் கொடுங்கள்.

புளிப்பு எதையாவது முதலிலேயே சேர்த்தீர்களா? கெட்சப், தக்காளி விழுது, ஒயின் எல்லாமே பீன்ஸ் தோலை இறுக்கிவிடும். பல வீடுகளில் கெட்சப் ஊற்றும் பழக்கம் உண்டு. ஊற்றட்டும், ஆனால் பீன்ஸ் வெந்த பிறகு. நம் ஊரில் பருப்பு வேகுமுன் புளி ஊற்றாத அதே கதைதான். உப்பைப் பயந்து தள்ளிவைக்க வேண்டாம், அது குற்றவாளி இல்லை.

தண்ணீர் கடினமா? கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு கெட்டியாக இருந்தால் ஆமாம். ஊறும் தண்ணீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடா போட்டு, பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை வரும்.

பீன்ஸ் பழசா? இதைத்தான் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தோலில் சுருக்கம், நிறைய உடைசல், ஊறிய பிறகும் சில மணிகள் உப்பாமல் கல் மாதிரியே கிடப்பது, இதெல்லாம் வருடக்கணக்கில் கிடந்த சரக்கின் அடையாளம். இதற்கு மருந்து இல்லை. புதுப் பொட்டலம் வாங்குங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் வேகவில்லை என்றால் சூடு போதவில்லை. கீழே "பாதி சூடு" பகுதிக்குப் போங்கள்.

*இப்போது வெள்ளி மதியம் என்றால்:* சட்டியைத் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். மெழுகுவத்திக்கு ஒரு மணி நேரம் முன் ஒரு பீன்ஸை எடுத்து ஊதி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அமுக்குங்கள். மாவு மாதிரி மசிந்தால் சரி. விரல் ரேகை மட்டும் பதிந்து, நடுவில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் தீயைக் குறைக்காதீர்கள். பாதிக்கு மேலாவது வெந்த பிறகுதான் ஷபாத்துக்காகச் சட்டியை விட்டுவைக்கலாம் என்பது அவர்கள் சட்டத்திலும் உண்டு. எந்த அளவு போதும் என்பதைப் பாட்டிக்குக் காட்டிக் கேட்டுவிடுவேன்.

*சனி என்றால்:* வெள்ளை பீன்ஸ் லேசாகக் கடிபட்டால் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாம். ராஜ்மா வேகாமல் இருந்தால் அந்தச் சட்டியைப் பரிமாறாதீர்கள்.

ராஜ்மா பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பச்சை ராஜ்மாவில் ஒரு நச்சு உண்டு. நான்கைந்து மணிகளே வாந்தியெடுக்க வைக்கப் போதும். கொதித்தால் அழிந்துவிடும், ஆனால் ஸ்லோ குக்கரின் மெல்லிய சூட்டில் அழியாது. 80 டிகிரியில் கிடந்தால் பச்சையாக இருந்ததைவிட நச்சு கூடவும் செய்யும். அதனால் ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில், அடுப்பில் குறைந்தது 10 நிமிடம் குமிழி விட்டுக் கொதிக்க வேண்டும். நான் அரை மணி நேரம் வைக்கிறேன். அதற்கப்புறம்தான் ஸ்லோ குக்கர். "எல்லாவற்றையும் பச்சையாகப் போட்டு மூடிவிட்டேன், எட்டு மணி நேரத்தில் வெந்துவிடும்" என்று யாராவது சொன்னால் பீன்ஸை மாற்றச் சொல்லுங்கள்.

அறிகுறி: அடிப்பிடித்த வாசனை

வெள்ளி இரவு ஒன்பது, பத்து மணிக்கு மூக்கில் ஏறும். வறுத்த வெங்காய வாசனைக்கும் கரிந்த பார்லி வாசனைக்கும் வித்தியாசம் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும். முதலாவது இனிக்கும். இரண்டாவது தொண்டையில் கரகரக்கும்.

காரணம் பெரும்பாலும் அடுக்கிய வரிசை. பார்லியை முதலில் போட்டால் அது அடியில் படுத்துப் பசையாகி ஒட்டிக்கொள்ளும். நான் அடுக்குவது: அடியில் வதக்கிய வெங்காயம், அதன் மேல் எலும்பும் தடிமனான உருளைக்கிழங்குத் துண்டுகளும், பிறகு இறைச்சி, அதற்கு மேல் பீன்ஸ், கடைசியில் பார்லி. உருளைக்கிழங்கு தீய்ந்தாலும் ஒரு துண்டைத்தான் இழப்போம். ராத்திரி முழுக்கக் கிளற முடியாத சட்டி இது என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது தேனும் சர்க்கரையும். நிறத்துக்காகச் சிலர் தாராளமாக ஊற்றுவார்கள். ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் அடியில் கரியும்.

அப்புறம் தகடு. கேஸ் அடுப்பு உள்ள வீடுகளில் பர்னர்களின் மேல் ஒரு உலோகத் தகட்டைப் போட்டு, திருகையும் மறைத்துவிடுவார்கள். ப்ளெக் என்று பெயர். தகட்டுக்கு அடியில் ஒரே ஒரு பர்னர் சிறு தீயில் எரியும். அந்தத் தீக்கு நேர் மேலே சட்டி உட்கார்ந்தால் நடுவில் ஒரு வட்டம் மட்டும் கரியும். ஒரு வாரம் வெறும் தண்ணீர்ச் சட்டியை வைத்துத் தகட்டில் எந்த இடத்தில் குமிழி எப்படி வருகிறது என்று பாருங்கள். எனக்குச் சரிப்பட்ட இடம், தீயிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி, சுவர்ப் பக்கம். அந்த இடத்தில் நிமிடத்துக்கு நாலைந்து குமிழிதான் மேலே வரும்.

இதெல்லாம் சரி செய்தும் வாரா வாரம் கரிந்தால் சட்டியின் அடி மெல்லிசு. அடி கனமான சட்டி வாங்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் வேறு எதற்கும் செலவு செய்ய வேண்டாம்.

*வெள்ளி மாலை, இன்னும் நேரம் இருக்கிறது என்றால்:* கிளறவே கிளறாதீர்கள். மேலே இருப்பதை மட்டும் அள்ளி வேறு சட்டிக்கு மாற்றி, வெந்நீர் சேர்த்து, பாட்டியிடம் சொல்லி மறுபடி வைக்கலாம். அடியைத் தொடாத வரை கரி வாசனை மேலே ஏறாது.

*ஷபாத் தொடங்கிவிட்டது என்றால்:* சட்டியை எடுத்துக் கீழே வைத்தபின் திரும்ப ஏற்றுவதற்கு நிறைய நிபந்தனைகள் இருக்கின்றன. நாமாக எதுவும் செய்ய வேண்டாம், வீட்டுக்காரர்களிடம் சொன்னால் போதும். சனி மதியம் பரிமாறும்போது மேலாகவே அள்ளுங்கள். சுரண்டும் வேலை ஷபாத் முடிந்த பிறகு.

அறிகுறி: தண்ணீர் வற்றிக் கட்டியாகிவிட்டது

மூடியைப் பாருங்கள். ஓரத்தில் ஆவி பீறிட்டால் அங்கேதான் தண்ணீர் போகிறது. சட்டிக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு பேக்கிங் தாளையோ அலுமினியத் தாளையோ விரித்து மூடினால் பாதிப் பிரச்சினை தீரும். இன்னொரு காரணம் பார்லி. 150 கிராம் என்பது எனக்குக் கடைசி வரம்பு. கைப்பிடி கூடப் போட்டால் காலையில் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும்.

குளிர்காலத்தில் நான் தண்ணீரை இரண்டு விரலுக்குப் பதில் மூன்று விரல் வைக்கிறேன்.

சனிக்கிழமை காலை வெந்நீர் ஊற்றலாமா என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. ஷபாத்துக்கு முன்பே கொதிக்கவைத்துச் சூட்டிலேயே இருக்கும் வெந்நீர்ப் பாத்திரத்திலிருந்து எடுத்து ஊற்றும் குடும்பங்கள் உண்டு. அதற்கு ஒரு முறையும் உண்டு. இந்த வீட்டில் கூடவே கூடாது. பாட்டியின் ஒரு பேரனுக்கு யேமன் வழிக் குடும்பத்தில் கல்யாணம் ஆயிற்று. அந்த வீட்டு வழக்கத்தைக் கேட்டு வந்த அவன் இங்கே ஊற்றப்போய், மேசையில் அரை மணி நேரம் விவாதம் நடந்தது. நான் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

துணி சுற்றிச் சூட்டைக் காக்கலாம் என்று ஷபாத்தில் துண்டை எடுக்காதீர்கள். பாத்திரத்தை மூடிப் பொதிவதற்கும் தனிச் சட்டம் இருக்கிறது.

அறிகுறி: கஞ்சித் தண்ணீராக இருக்கிறது

பெரும்பாலும் ஸ்லோ குக்கர் வீடுகளில் வரும். அதில் ஆவி வெளியே போகாது. அடுப்புச் சட்டிக்கு ஊற்றும் அளவை அப்படியே ஊற்றினால் சூப்தான். தண்ணீரை ஒரு விரலாகக் குறையுங்கள். வெள்ளியன்றே தெரிந்துவிட்டால் இரண்டு உருளைக்கிழங்கை எடுத்து மசித்துத் திரும்பப் போட்டு, மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். இவர்கள் இறைச்சியையும் பாலையும் சேர்க்க மாட்டார்கள். இது இறைச்சிச் சட்டி என்பதால் கெட்டியாக்கப் பால், கிரீம், வெண்ணெய் எதுவும் கூடாது. சனியன்று தெரிந்தால் ஓட்டைக் கரண்டியால் பரிமாறுங்கள்.

அறிகுறி: நிறமே இல்லை

நல்ல சோலண்ட் பழுப்பு நிறத்தில், ஈரமான செம்மண் மாதிரி இருக்கும். வெளிறிக் கிடந்தால் வெங்காயத்தை அவசரமாக வதக்கியிருக்கிறீர்கள். பொன்னிறத்தில் நிறுத்தக் கூடாது, அதைத் தாண்டிப் போக வேண்டும். இருபது நிமிடமாவது ஆகும். இறைச்சியையும் அதே எண்ணெயில் எல்லாப் பக்கமும் சிவக்க விடுங்கள்.

பாட்டியின் கை வைத்தியம் ஒன்று. வெங்காயத்தின் காய்ந்த மேல் தோலைக் கழுவி இரண்டு மூன்று சட்டிக்குள் போடுவார். கூடவே ஆளுக்கு ஒன்றாக ஓட்டோடு முட்டை. சனி மதியம் அந்த முட்டையை உரித்தால் வெள்ளைக்கரு தேநீர் நிறத்தில் இருக்கும். ஓடு விரிந்த இடத்தில் மட்டும் கறுத்த கோடுகள் ஓடியிருக்கும். வாயில் போட்டால் அவித்த முட்டை மாதிரியே இருக்காது, லேசாகச் சுட்ட கொட்டை வாசனை வரும். இந்த வேலைக்கு வந்ததில் எனக்குக் கிடைத்த நல்ல விஷயங்களில் இந்த முட்டையும் ஒன்று.

பாப்ரிகா தூளை எண்ணெயில் நேரடியாகக் கொட்டினால் சில வினாடிகளில் கருகிக் கசந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு தூவிக் கிளறி, உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

அறிகுறி: உப்புக் கரிக்கிறது

நம் ஆட்கள் எல்லோரும் முதல் மாதம் விழும் குழி. கோஷர் இறைச்சி, அதாவது யூத உணவு விதிப்படி பக்குவம் செய்த இறைச்சி, கடைக்கு வரும்போதே உப்பைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறது. இரத்தத்தை எடுக்க அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பில் கிடத்தி, பிறகு அலசுவார்கள். எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் தங்கும். அதன் மேல் நாம் நம் ஊர்க் கைக்கு உப்புப் போட்டு, பாட்டி பின்னால் வந்து சூப் பொடியையும் கொட்டினால் கேட்க வேண்டுமா? ஒரு தேக்கரண்டியில் ஆரம்பித்து, மெழுகுவத்திக்கு ஒரு மணி நேரம் முன் ருசித்துவிட்டுச் சேருங்கள். சூப் பொடி போடுகிற வீட்டில் முதலில் உப்பே வேண்டாம்.

உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுக்கும் என்பார்கள். இந்தச் சட்டியில் ஏற்கெனவே ஆறு கிழங்கு கிடக்கிறது, ஒன்றும் இழுக்கக் காணோம். வெள்ளியன்று கரித்தால் கொஞ்சம் குழம்பை எடுத்துவிட்டு அதே அளவு வெந்நீர் ஊற்றுங்கள், அவ்வளவுதான்.

அறிகுறி: இறைச்சி காய்ந்து நாராகிவிட்டது

துண்டு தப்பு. கொழுப்பில்லாத, விலை கூடிய துண்டு இதற்கு உதவாது. இங்கே கசாப்புக் கடையில் துண்டுகளுக்கு எண் உண்டு. முன்னங்கால் தசைக்கு 8. அதைக் கேளுங்கள். நடுவில் ஓடும் ஜவ்வு இரவில் கரைந்து குழம்புக்குப் பசையைத் தரும். நெஞ்சுப் பகுதியும் நன்றாக வரும். சின்னச் சின்னதாக வெட்டாமல் உள்ளங்கை அளவில் மூன்று நான்கு துண்டாகப் போடுங்கள்.

அறிகுறி: கிஷ்கே வெடித்துச் சிதறிவிட்டது

மாவு, கொழுப்பு அல்லது எண்ணெய், வெங்காயம், பாப்ரிகா சேர்த்து உருட்டிச் சட்டியின் மேல் வைத்து வேகவிடும் உருளை கிஷ்கே. முன்பெல்லாம் குடலுக்குள் அடைப்பார்கள். இப்போது பேக்கிங் தாளில் சுற்றினால் போதும். இறுக்கிச் சுற்றினால் உப்பி வெடிக்கும், ஒரு விரல் இடம் விட்டு இரண்டு முனையையும் முறுக்குங்கள். குழம்பில் முக்கிவிடாமல் மேலாக வையுங்கள். வெடித்தாலும் ருசிக்குக் குறைவில்லை, குழம்பு கெட்டியாகிவிடும், அவ்வளவே.

அறிகுறி: பாதி சூடு, மந்தமாக இருக்கிறது

தகட்டு அடுப்பு என்றால் இடத்தை மாற்றிப் பாருங்கள். மின்தட்டு (பிளாட்டா என்பார்கள்) என்றால் சட்டியின் அடி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். தட்டையான மேசையில் வைத்து அழுத்தினால் ஆடும் சட்டி, தட்டிலும் பாதிதான் ஒட்டி நிற்கும்.

ஸ்லோ குக்கர் என்றால் ஒரு சோதனை இருக்கிறது. வாரத்தின் நடுவில், பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பி, குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம் விடுங்கள். மூடியைத் திறந்த உடனே வெப்பமானியை விடுங்கள். 85 முதல் 93 டிகிரிக்குள் இருந்தால் குக்கரில் குற்றமில்லை. குறைவாக இருந்தால் குக்கர் ஓய்ந்துவிட்டது. நிறையக் கூடுதலாக இருந்தால், முன்பு சொன்ன அடிப்பிடிப்புக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். இரண்டுக்கும் ரிப்பேர் செய்வதைவிடப் புதியது வாங்குவதே மலிவு.

இந்த ஸ்லோ குக்கரே சோலண்ட்டில் பிறந்ததுதான். அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர், லிதுவேனியாவில் ஊர்ப் பேக்கரி அடுப்பின் அணையும் சூட்டில் இரவு முழுக்கச் சோலண்ட் வெந்த கதையை அம்மா சொல்லக் கேட்டு இந்தப் பாத்திரத்தை உருவாக்கினார். 1940இல் காப்புரிமை கிடைத்தது. பிறகு வேறு நிறுவனம் வாங்கி 1971இல் கிராக் பாட் என்ற பெயரில் விற்றது. பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "அப்படியா, ஆனால் அந்த அடுப்பு ருசி இதில் வராது" என்று முடித்துவிட்டார்.

அறிகுறி: சட்டி ஆறிக் கிடக்கிறது

மற்றதெல்லாம் ருசிப் பிரச்சினை. இது ஆளைப் படுக்க வைக்கும்.

முதலில் மூக்கு. கேஸ் வாடை வருகிறதா? ஆமாம் என்றால் சோலண்ட்டை மறந்துவிடுங்கள். தீ அணைந்து கேஸ் மட்டும் கசிகிறது. வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் பாட்டியை வெளியே கூட்டிப் போங்கள். வெளியே போனபின் கேஸ் நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள். ஷபாத்தாக இருந்தாலும் தயங்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்றால் ஷபாத் சட்டம் விலகி நிற்க வேண்டும் என்பது அவர்களுடைய சட்டமேதான்.

வாடை இல்லை, மின்தட்டு என்றால் காரணத்தைத் தேடலாம்.

டைமர். 24 மணி நேரக் கடிகாரத்தில் சிறு பற்களை அமுக்கி வைக்கும் வகை. இஸ்ரேலில் கோடை நேரம் மார்ச் மாதக் கடைசி ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி அதிகாலையில் தொடங்குகிறது. சரியாக நம் சமையல் நாள்! டைமரை ஒரு மணி நேரம் தள்ளி வைக்க மறந்தால் எல்லாம் ஒரு மணி நேரம் பிசகும். முடிந்தால் சோலண்ட் தட்டை டைமரில் போடவே போடாதீர்கள்.

பிளக். மின்தட்டு, வெந்நீர்ப் பாத்திரம், அறை ஹீட்டர் மூன்றும் ஒரே நீட்டிப்புப் பலகையில் இருந்தால் சுவிட்ச் விழத்தான் செய்யும். எங்கள் வீட்டில் ஒரு ஜனவரியில் நடந்தது அதுதான். சனி காலை பத்தரைக்கு மூடியைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. பாட்டி, "என் அம்மா சட்டியைத் தூக்கிப் போட்டதே இல்லை, மணம் நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். மணம் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் ஆபத்து. மகள் வந்து சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார். அன்று மதியம் ஹல்லா ரொட்டி, முட்டைக் கலவை, ஹம்முஸ், குளிர்ந்த மீன். ஞாயிற்றுக்கிழமை நான் வெந்நீர்ப் பாத்திரத்தை வேறு சாக்கெட்டுக்கு மாற்றினேன்.

தட்டை மாட்டும் போதெல்லாம் மின்பெட்டியில் சுவிட்ச் விழுகிறது, அல்லது பிளக் முனை பழுத்து நிறம் மாறியிருக்கிறது என்றால் அதோடு நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியன் வர வேண்டும். தட்டைத் திருப்பிப் போட்டு ஸ்க்ரூ கழற்றுவது நம் வேலை இல்லை.

சாப்பிடலாமா? 60 டிகிரிக்குக் கீழே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த இறைச்சிச் சட்டி குப்பைக்கு. எப்போது அணைந்தது என்று தெரியாவிட்டாலும் குப்பைக்குத்தான். மூடியில் உள்ளங்கையை அழுத்தி வைத்திருக்க முடிகிறது என்றால் சூடு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பக் கொதிக்கவைத்தால் கிருமி சாகலாம், அது விட்டுச்சென்ற நச்சு சில வகையில் சாகாது.

அறிகுறி: சாப்பிட்ட பிறகு வயிறு

வெறும் உப்புசம், வாயு என்றால் ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே சமைத்திருப்பீர்கள். அடுத்த வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றுங்கள். சனி மதியம் சோலண்ட் சாப்பிட்டுவிட்டு வரும் தூக்கத்துக்கு வைத்தியம் கிடையாது, இந்த ஊரே தூங்கும்.

ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி என்றால் ராஜ்மாவைச் சந்தேகப்படுங்கள். இரவோ மறுநாளோ வயிற்றைக் கலக்கினால் சூடு ஆறிய சட்டியைச் சந்தேகப்படுங்கள். வயதானவர்களுக்கு நீர் வற்றுவது சீக்கிரம் நடக்கும். வாய் உலர்ந்து, சிறுநீர் குறைந்து, பேச்சில் குழப்பம் தெரிந்தால் ஆம்புலன்ஸ் எண் 101ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள், வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

அறிகுறி: பால் கரண்டியால் கிளறிவிட்டேன்

எல்லோருக்கும் ஒரு முறை நடக்கும். இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் கரண்டி. அவசரத்தில் கை மாறிவிடும்.

சட்டியைக் கொட்டாதீர்கள். கரண்டியைக் கழுவி மறைக்காதீர்கள். எடுத்து ஒரு தட்டில் தனியாக வைத்துவிட்டு, உடனே சொல்லிவிடுங்கள். இதற்கு நிபுணர் ரப்பி மட்டும்தான். மூன்றாவது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நான் சொன்னபோது பாட்டி முகம் சுளிக்கவில்லை, நேராகப் போனை எடுத்தார். ரப்பி என்னிடமே பேசினார். கடந்த 24 மணி நேரத்தில் அந்தக் கரண்டி சூடான பால் பொருளில் பட்டதா? கரண்டி எதுவரை மூழ்கியது? சட்டி எத்தனை லிட்டர்? காலையில் பால் கஞ்சி கிளறினேன், பாதிக் கரண்டி மூழ்கியது, ஐந்து லிட்டர் சட்டி நிறைய இருக்கிறது என்றேன். மூழ்கிய பகுதியைவிடக் குழம்பு அறுபது மடங்குக்கு மேல் இருப்பதால் சாப்பிடலாம், கரண்டியை மட்டும் சுத்திகரிக்க வேண்டும் என்றார்.

கொதிநீரில் முக்கி எடுத்த அந்தக் கரண்டி இன்னும் அடுக்களையில் தொங்குகிறது. கைப்பிடியில் நீல டேப் சுற்றியிருக்கிறேன்.